அரிசியில் போட்ட சிலுவை

8 ஜூன் 1999, செவ்வாய்

பால் ஒரு லிட்டர். அக்காவுக்கு அரை, எங்கள் இருவருக்கும் அரை. நீர் மாத்திரை காலையில் ஒன்று. விரிப்பு இரண்டு துவைத்தேன். நல்ல தண்ணீர் ஐந்தே முக்காலுக்கு வந்து ஆறே காலுக்கு நின்றுவிட்டது. ஆறு குடம்தான் கிடைத்தது.

இந்த நோட்டில் வலப்பக்கம் எப்போதும் போல வீட்டுக் கணக்கு. இடப்பக்கம் சும்மாவே கிடக்கிறது. அக்கா எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், தூங்கினாள், என்ன பேசினாள் என்று டாக்டர் கேட்கிறார். எனக்கு நினைவில் நிற்பதில்லை. ஆகவே இனி இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா ஞானப்பூவுக்கு எழுபத்தொன்று. எனக்கு அறுபத்தைந்து. இதே பாளையங்கோட்டையில் பெண்கள் விடுதியில் முப்பத்துநாலு வருஷம் சமையல் செய்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது இருதயம் பலவீனம், கால் வீக்கம். ஈஸ்டருக்குப் பிறகு புத்தியும் முன்னும் பின்னும் போகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

விளக்கு வைக்கிற நேரம் டி.வி.யில் கார்கில் செய்தி. பீரங்கிச் சத்தம் கேட்டதும் அக்கா எழுந்து, போர்வையை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலை மூடினாள்.

"ஏட்டி, வெளிச்சம் தெருவுக்குப் போவுது. வார்டன் வந்து கத்துவான்."

என் வீட்டுக்காரர், "நான்தான் வார்டன். இந்தத் தெருவுக்கு இன்னைக்கு விளக்கு உண்டு, நீங்க படுங்க மைனி" என்றார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வார்டனுக்கு வேட்டியா? காக்கி எங்கவே?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டில் குண்டுக்குப் பயந்து விளக்கை மறைக்கச் சொல்லித் தெருத் தெருவாக வந்த வார்டன் அவன். போர்வையை மறுபடி மடிக்க வேண்டும்.

10 ஜூன், வியாழன்

அக்காவின் தலையணை உறைக்குள் அரிசி. ஒரு கை இருக்கும். பேசாமல் எடுத்துக் கோழிக்குப் போட்டேன்.

13 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டம். ராணுவ வீரர்களுக்காகக் காணிக்கை எடுத்தார்கள். தலைவி ரூபாவதி டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சுகிர்தம் அக்கா, வார மாசம் பதினொண்ணாந்தேதி பெண்கள் பண்டிகை. நீங்கதான் சாட்சி சொல்லணும். சண்டை நடக்குத நேரம், அந்தக் காலத்துச் சண்டையில உங்க வீட்டு அரிசியில கர்த்தர் குருசு போட்டாரே, அதச் சொல்லுங்க. இந்தப் பிள்ளையள்லாம் கேட்டதே இல்ல."

"எத்தன தடவதான் சொல்ல?"

"எட்டுத் தடவ சொல்லிருப்பீங்களா? ஒன்பதாந்தடவ சொல்லுங்க. இந்தத் தடவ எழுதி வச்சே வாசிங்க. நான் பத்திரிகைக்கும் அனுப்புவேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எழுத வேண்டுமானால் முதலில் கைப்பிடி அரிசியைச் சொல்ல வேண்டும். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது, கழுவுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை சபையிலிருந்து ஒரு அம்மா வந்து வாங்கிப் போவார். அதை ஏலம் விட்டு, கோயில் காரியத்துக்கும் ஏழைகளுக்கும் செலவழிப்பார்கள். இப்போதெல்லாம் யார் அரிசி தருகிறார்கள்? கவரில் பணம் வைக்கிறார்கள். நான் மட்டும் விடவில்லை. எவர்சில்வர் சம்படத்தில் தினம் ஒரு பிடி. போட்டதும் அரிசியை நிரவி, ஆள்காட்டி விரலால் ஒரு சிலுவை. அம்மா செய்தது போலவே.

அக்கா இன்று கஞ்சி அரை டம்ளர். மோஷன் இல்லை.

17 ஜூன், வியாழன்

சாட்சிக்காக எழுதுகிறேன். பிறகு நல்ல தாளில் மாற்றி எழுத வேண்டும்.

அப்போது நாங்கள் தூத்துக்குடியில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. கொழும்பில் குண்டு விழுந்தது என்று செய்தி வந்த வாரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிவிட்டது. மாட்டு வண்டி கிடைத்தவர்கள் வண்டியில் போனார்கள், கிடைக்காதவர்கள் நடந்து போனார்கள். எங்களுக்குப் போக ஊர் இல்லை. என் பள்ளிக்கூடத்தையும் மூடினார்கள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மீதியை நானே காலண்டரிலும் பாட்டுப் புத்தகத்திலும் பலசரக்குக் கடைப் பொட்டலத்திலும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன்.

அப்பா பட்டாளத்தில் ரோடு போடுகிற கூட்டத்தில் சேர்ந்து அசாம் பக்கம் போனார். அம்மா, அக்கா, நான், மூன்று பேர். விளக்குக்குக் கறுப்புத் தாள் சுற்றியிருந்தோம். அபாயச் சங்கு ஊதினால் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். கோயில் வளாகத்தில் பதுங்கு குழி வெட்டினார்கள். மழையில் அது நிறைந்து தவளை கத்தியது. குண்டு ஒன்றும் விழவில்லை. தவளைதான்.

பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷனில் தலைக்கு இத்தனை என்று கொடுத்த அரிசியில் கல்லும் புழுவும், ஒரு ஈர நாற்றமும். பிறகு அரிசிக்குப் பதிலாகக் கோதுமை கொடுத்தார்கள். அதை என்ன செய்ய வேண்டுமென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா சோறு மாதிரி வடித்தாள். வடிந்த தண்ணீர் பசை போல இருந்தது. "போஸ்டர் ஒட்டலாம்" என்றாள் அக்கா.

அக்கா எல்லாவற்றுக்கும் ஒன்று சொல்லுவாள். அப்பாவின் கடிதத்தை அவள்தான் வாசிப்பாள். அதில் பட்டாளத்து ஆபீஸர் பாதி வரிகளில் கறுப்பு மை பூசியிருப்பான். அந்த இடம் வந்ததும் அக்கா நிறுத்த மாட்டாள். "இந்த இடத்துல அப்பா, 'சின்னவளுக்கு ஒரு முத்தம்'னு எழுதியிருக்காவ. தொரைக்குப் பொறாம, அழிச்சிட்டான்." நான் அதை நம்பினேன். அம்மாவும் நம்பினது போல இருந்தாள்.

அக்காவுக்குப் பதினைந்து. எட்டாவது முடிக்கப் போகிறாள். முடித்தால் டீச்சர் டிரெயினிங். அதற்குச் சபைக் குருவானவர், அவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம், நன்னடத்தைக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அம்மா அதற்காக ஒரு வெள்ளைச் சேலை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

கரண்ட் போய்விட்டது. அக்கா கூப்பிடுகிறாள்.

20 ஜூன், ஞாயிறு

காலை கோயிலுக்குப் போகவில்லை. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நீர் மாத்திரை ஒன்றரை.

சாட்சி, தொடர்ச்சி.

அரிசி அவ்வளவு குறைந்த காலத்திலும் அம்மா கைப்பிடி அரிசியை நிறுத்தவில்லை. ஒரு வேளைதான் உலை. இருந்தாலும் அதில் ஒரு பிடி மண்பானைக்குப் போய்விடும். "நமக்கே இல்லியேம்மா" என்று அக்கா கேட்டதற்கு, "அப்பா அங்க யார் கையில இருக்காவ? அவருட்டப் போயிப் பிசுனாறித்தனம் பண்ணச் சொல்லுதியா?" என்றாள். போட்டதும் சிலுவை. அதோடு அடுப்புக்குப் பின்னால் சுவரில் கரியால் ஒரு கோடு.

அந்த நாட்களில் அந்தப் பானையில் அரிசி கலைந்து, சிலுவை அழிந்து போவதுண்டு. சற்று நேரத்தில் பார்த்தால் மறுபடி சிலுவை இருக்கும். மனிதர் யாரும் போடவில்லை. இதை நான் என் கண்ணால் கண்டேன், ஐந்து தடவை. அன்றிலிருந்து என் விசுவாசம் அசைந்ததில்லை.

இப்படித்தான் எட்டுத் தடவையும் சொல்லியிருக்கிறேன். அரிசி எதனால் கலைந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. எலி என்று நினைத்திருப்பார்கள்.

22 ஜூன், செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. துவைத்தேன், துடைத்தேன், ஊட்டினேன். இடுப்பு வலி.

26 ஜூன், சனி

டாக்டர் வந்தார். நெஞ்சில் தண்ணீர் சேர்கிறதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம், கேட்பதைக் கொடுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். வாசல் வரை போன பிறகு என் வீட்டுக்காரரிடம் விரலை மடக்கி ஏதோ சொன்னார். வாரமா மாதமா, நான் கேட்கவில்லை.

ஐயருக்குச் சொல்லி அனுப்பினோம். வருகிற சனிக்கிழமை வீட்டிலேயே நற்கருணை கொடுப்பதாகச் சொன்னார். அக்கா நற்கருணை வாங்கி நான் பார்த்ததில்லை. கோயிலில் எப்போதும் கடைசி வரிசை. எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது வெளியே போய்ச் செருப்புப் பக்கம் நிற்பாள். விடுதியில் அடுப்பு எரிகிறது, போக வேண்டும் என்பாள். இங்கே வந்த பிறகு கால் வலி என்றாள்.

இப்போது அடுப்பும் இல்லை. ஐயர் கட்டிலுக்கே வருவார்.

30 ஜூன், புதன்

சேலை மடிப்பில் அரிசி. எனக்கு நீட்டினாள். "சீக்கிரம் தின்னுட்டி, அம்மா வாரா" என்றாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பச்சரிசி. கோழிக்குப் போட மனம் வரவில்லை.

3 ஜூலை, சனி

பால் ஒரு லிட்டர். ஐயருக்கு டீ. பிஸ்கட் ஒரு பாக்கெட்.

அக்காவைக் குளிப்பாட்டி என்னுடைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டிவிட்டேன். ஐயர் பத்து மணிக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், பொறுமை உண்டு. முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து அப்பமும் திராட்சரசமும் வைத்தார். ஜெபத்தின்போது அக்கா தெளிவாகவே இருந்தாள். எங்களுக்கு முந்தி ஆமென் சொன்னாள். அப்பத்தை வாயருகே கொண்டுபோனதும் உதட்டை இறுக்கி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாட்டி, வாங்கிக்கிடுங்க."

"எனக்கு வேண்டாம் ஐயா. நான் சாமி அரிசியில கை வச்சவ. அம்மைக்குத் தெரியும். கேட்டுப் பாருங்க."

"என்ன அரிசி பாட்டி?"

ஐயர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

"பழைய காலத்து ஞாபகம் ஐயா. புத்தி கலங்கிட்டு" என்றேன்.

"மனசில்லாம கொடுக்க முடியாதும்மா. அடுத்த சனிக்கிழம வாரேன். அதுவரைக்கும் பேசிப் பாருங்க" என்று ஐயர் துணியை மடித்தார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், "அது என்ன அரிசி சுகிர்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. டீ ஆறிப் போச்சி, சுட வச்சித் தாரேன்."

4 ஜூலை, ஞாயிறு

ஏதோ மலையை நம் ஆட்கள் பிடித்துவிட்டார்கள் என்று தெருவில் வெடி போட்டார்கள். அக்கா கட்டிலுக்கு அடியில் போகப் பார்த்தாள். பிடித்து உட்கார வைத்தேன்.

வலப்பக்கத்துக் கணக்கில் இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு பொய் எழுதினதில்லை. இடப்பக்கத்திலும் எழுதக் கூடாது.

அரிசியை எடுத்தது நான்.

எனக்கு ஒன்பது வயது. பசி என்றால் வயிற்றில் மட்டும் இருக்காது, காதில் இரையும். அம்மா கிணற்றுக்குப் போனதும் பானையின் தட்டைத் தூக்கி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அரிசி கலைந்து கிடந்ததைச் சரி செய்யத் தோன்றவில்லை. அன்று முழுக்க அம்மா கண்ணில் படாமல் சுற்றினேன். சாயங்காலம் அம்மா பானையைத் திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அரிசி நிரவி இருந்தது, நடுவில் சிலுவை இருந்தது.

கர்த்தர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். பசிக்கிற பிள்ளைக்கு அவரே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். ஆகவே மறுபடியும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கலைத்து விட்டுவிட்டுத்தான் ஓடினேன், அவர் போடுவாரா என்று பார்ப்பதற்காகவே. ஐந்து தடவையும் போட்டார்.

ஆறாவது நாள் சனிக்கிழமை. நான் எடுத்துக்கொண்டு ஓடி, கதவுக்குப் பின்னால் நின்றேன். கொல்லையிலிருந்து வந்த அம்மா அடுப்படிக்குள் நுழைந்தாள். பானைக்கு முன்னால் அக்கா குந்தியிருந்தாள். அவள் விரல் நுனியில் அரிசி மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அம்மா சுவரில் இருந்த கோடுகளை எண்ணினாள். அரிசியை முறத்தில் கொட்டிப் பிடி பிடியாக அளந்தாள். பதினெட்டுக் கோடு, பதினொரு பிடி.

"நீயா எடுத்த?"

அக்கா வாய் திறக்கவில்லை. அம்மா அகப்பைக் காம்பால் அடித்தாள். அக்காவின் இடது மணிக்கட்டுக்கு மேல் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது, குளிப்பாட்டும்போது என் கையில் தட்டுப்படுகிறது. கதவுக்குப் பின்னால் நான் மெல்லக்கூட இல்லை. அரிசி வாயிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஐயர் அரிசி குறைவதைக் கேட்டபோது சொல்லிவிட்டாள். கர்த்தருடைய பானையில் திருடின பெண் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லுவாள் என்று அன்றைய ஐயர் கடிதம் கொடுக்க மறுத்துவிட்டார். வெள்ளைச் சேலையை அம்மா விற்றாள். அக்கா அம்மா இருந்த வரை வீட்டோடு இருந்தாள், பிறகு விடுதிச் சமையலுக்குப் போனாள். நூற்றிருபது பிள்ளைகளுக்கு அரிசி அளந்து போட்டவள், முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு மணி வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அக்காவும் பசியில் எடுத்திருப்பாள் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான் ஆறு பிடி, மீதி ஒன்று அவளுடையது. அம்மா போட்டது இறுக்கின பிடி, நான் எடுத்தது கை நிறைய அள்ளினது என்பதை அப்போது நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

எட்டுத் தடவை சாட்சி சொன்னபோதும் அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். ஆமென் சொன்னாள்.

7 ஜூலை, புதன்

அக்காவிடம் இன்று சொல்லிவிட வேண்டுமென்று காலையிலிருந்து நினைத்தேன். துணி காயப்போட்டேன். பயறு உடைத்தேன். பதினொரு மணிக்கு வேலை ஒன்றும் மிச்சமில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் காலைத் தேய்க்க உட்கார்ந்தேன். வீக்கத்தில் விரல் அழுந்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா" என்றாள்.

எனக்கு இப்போது அம்மாவின் முகம்தான். கண்ணாடியில் நானே பார்த்திருக்கிறேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஐயருட்டச் சொல்லிட்டியா, நான் எடுத்தேன்னு?"

"நீயா எடுத்த?"

இந்தக் கேள்வி என் வாயிலிருந்து அம்மாவின் குரலில் வந்தது. நான் நினைத்துக் கேட்கவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "சின்னவள அடிக்க மாட்டேன்னு சொல்லு. அப்போ சொல்லுதேன்."

"அடிக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அவ பசி தாங்க மாட்டாம்மா. அள்ளிக்கிட்டு ஓடியே போயிருவா. மடச்சி, கலஞ்ச அரிசிய அப்படியே போட்டுட்டுப் போயிருவா. நீ பாத்தா அவ எலும்ப எண்ணிருவியே. அதான் நான் போயி நெரவி வச்சிக் குருசு போட்டுட்டு வருவேன். நீ போடுத மாதிரியே. மொதல்ல நெட்டுக் கோடு, பொறவு குறுக்க."

"ஒன்னையல்லவா அடிச்சேன்? அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சாமி அரிசியில கை வச்சது நானுந்தானே. எடுத்தா என்ன, மூடுனா என்ன. குருச வச்சி உன்ன ஏமாத்துனேன்லா? அது களவவிடப் பெருசு."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அக்கா, என்னப் பாரு. நான்தான் சுகிர்தம். நான்தான் எடுத்தேன். உன்மேல தப்பே கிடையாது" என்றேன்.

அவள் சிரித்தாள். படுத்தபடியே கையைக் கட்டில் உயரத்துக்குக் காட்டினாள். "அவ இத்தனக்காண்டு இருப்பாம்மா. தெருவுல பாண்டி ஆடிக்கிட்டிருக்கா. கூப்பிடாத, ஆடட்டும்."

எண்ணெய் பாதி மிச்சம். பாட்டிலில் திருப்பி ஊற்றினேன்.

8 ஜூலை, வியாழன்

ஒரு பிடி அரிசி போட்டேன். நிரவினேன். சிலுவை போடக் கை வரவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

ஐம்பத்தாறு வருஷம் இந்தச் சிலுவையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். இரண்டு பிள்ளைகள் இறந்தே பிறந்தபோதும் அதை நினைத்தேன். கர்த்தர் ஒரு தடவை எனக்காகக் குனிந்து அரிசியில் விரல் வைத்திருக்கிறார் என்று. அந்த விரல் பதினைந்து வயதுப் பெண்ணின் விரல்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் கட்டுனது கள்ளியவா?" என்றார்.

நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திக்கொண்டார். எழுந்து கை கழுவினார். பிறகு கொல்லைக்குப் போய், வாளியில் ஊறவைத்திருந்த அக்காவின் விரிப்பைத் துவைக்க ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் துணி துவைத்துப் பார்த்ததில்லை. சோப்பு அரைக் கட்டி கரைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழம என்ன செய்யப் போற?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"தெரியல."

"டீச்சரம்மா பத்திரிகைக்கு அனுப்புவேன்னாங்களே."

"அதான்."

10 ஜூலை, சனி

பால் ஒரு லிட்டர். சோப்பு ஒரு கட்டி.

ஐயர் பத்தரைக்கு வந்தார். துணி விரிக்கும் முன்பே, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லி முடிக்க மாட்டேன் என்று தெரியும். அரிசியை, சிலுவையை, அடியை, கடிதத்தை, போன சனிக்கிழமை நான் அவரிடம் சொன்ன பொய்யை. அக்கா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

முடித்ததும் அவள், "நம்பாதிங்க ஐயா. அம்ம எனக்காகச் சொல்லுதா. அவளுக்குப் பொய் சொல்ல வராது, பாருங்க, குரல் நடுங்குது" என்றாள்.

ஐயர் என்னைப் பார்த்தார். என்ன செய்யட்டும் என்று கேட்பது போல இருந்தது. சுகிர்தம் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். சுகிர்தம் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள்.

கட்டிலில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞானப்பூ. இங்க பாரு பிள்ள. அரிசிய எடுத்தது சின்னவ. நான் அளந்து பாத்துட்டேன். நீ ஒரு மணி எடுக்கல."

"குருசு போட்டேனேம்மா."

"போட்டா என்ன? அந்த வீட்டுல அரிசியில குருசு போடாதவ யாரு? நான் போட்டேன், நீயும் போட்ட."

அவள் யோசித்தாள். "அவள அடிக்க மாட்டியே?"

"அடிக்க மாட்டேன். பாவம், அது பசியில எடுத்தது."

என்னை நானே மன்னித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டதே என்று கூச்சமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை.

"அப்பம் வாங்கட்டுமாம்மா?"

"வாங்கு பிள்ள."

அக்கா வாயைத் திறந்தாள். ஐயர் கொடுத்தார். ரசம் கொஞ்சம் தாடையில் வழிந்தது, முந்தானையால் துடைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐம்பத்தாறு வருஷத்துப் பசி என்றெல்லாம் எழுதத் தெரியவில்லை. மெதுவாக மென்றாள். அவ்வளவுதான்.

ஐயர் பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் இருக்கும்மா."

"நாளைக்குச் சபையில சொல்லிட்டு வாங்கிக்கிடுதேன் ஐயா."

அவர் வற்புறுத்தவில்லை.

11 ஜூலை, ஞாயிறு

என் வீட்டுக்காரர் அக்காவிடம் இருந்துகொண்டு என்னை அனுப்பினார்.

ரூபாவதி டீச்சர் என்னை எழுந்து நிற்க வைத்தார். "நம்ம சுகிர்தம் அக்கா சண்டைக் காலத்துல கர்த்தர் அரிசியில போட்ட குருசக் கண்ணால கண்டவங்க." நான் நல்ல தாளில் எழுதி வைத்திருந்ததைக் கைப்பையிலேயே விட்டுவிட்டேன்.

"எட்டுத் தடவ இதே இடத்துல நின்னு பாதிதான் சொன்னேன். அந்த அரிசி கலஞ்சது என் கையால. அதுல குருசு போட்டது எங்க அக்கா ஞானப்பூ. அந்தக் கடைசி பெஞ்சில உக்காருவாளே, அவ. அதுக்காக அடிபட்டா. டீச்சர் வேல போச்சி. நான் பயந்துக்கிட்டு வாய் திறக்கல. இவ்வளவுதான் சாட்சி."

முன் வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "அந்தச் சமையல்காரப் பாட்டியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மெதுவாக, "அப்போ அது அற்புதம் இல்லையாக்கா?" என்றார்.

"நானும் நாலு நாளா அதத்தான் யோசிச்சிக்கிட்டிருக்கேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நற்கருணைக்கு எல்லாரும் எழுந்தபோது நான் கடைசியாகப் போனேன். வெளியே வரும்போது வழக்கமாகப் பேசுகிறவர்கள் சிலர் பேசவில்லை. ரூபாவதி டீச்சர் மட்டும் ஆட்டோ வரை வந்தார். பத்திரிகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அக்காவுக்குப் பதனீர் பிடிக்குமா?" என்று கேட்டார்.

12 ஜூலை, திங்கள்

பால் ஒரு லிட்டர். நீர் மாத்திரை ஒன்றரை. பதனீர் ஒரு செம்பு, டீச்சர் கொடுத்துவிட்டது, கணக்கில் சேர்க்கவில்லை.

காலையில் ஒரு பிடி அரிசி போட்டேன். இன்றும் சிலுவை போடவில்லை. நிரவக்கூட இல்லை. கலைந்தபடியே மூடிவிட்டுத் தண்ணீருக்குப் போனேன்.

பத்து மணிக்குச் சம்படத்தைத் திறந்தேன். அரிசி நிரவியிருந்தது. நடுவில் சிலுவை. நெட்டுக் கோடு கோணிக்கொண்டு போயிருந்தது, குறுக்குக் கோடு பாதியில் நின்று மறுபடி தொடங்கியிருந்தது.

அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூச்சு இரைத்தது. அடுப்படி வரை நடந்த களைப்பு. வலது கை விரிப்பின் மேல் கிடந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாக மாவு.

மத்தியானம் உடம்பைத் துடைத்துவிட்டேன். அந்த விரலை மட்டும் துடைக்கவில்லை.